குற்றவியல் பட்டம்: சேர்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: “பையனுக்குப் போலீஸ் வேலைதான் ஆசை. கிரிமினாலஜியில் சேர்த்துவிடலாமா?” பெண்ணுக்கு என்றால் கேள்வி கொஞ்சம் மாறும்: “சிபிஐ-யில் சேர என்ன படிக்கணும்?” இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். குற்றவியல் படித்தவருக்குக் காவல்துறையில் முன்னுரிமை உண்டு என்ற நம்பிக்கை. அதை நம்பிக் கடன் வாங்கிச் சேர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அதனால்தான் இதை விவரமாக எழுதத் தோன்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றவியல் நல்ல படிப்பு. ஆனால் தனியாக நின்று வேலை வாங்கித் தரும் பட்டம் அல்ல. குறைந்த செலவில் படித்து, பக்கத்தில் இன்னொரு தகுதியையும் சேர்த்துக்கொண்டால் பலன் தரும். அதிகக் கட்டணம் கட்டி இதை மட்டுமே படித்தால் பல வருடங்களுக்குக் கையைக் கடிக்கும்.

படி 1: படிப்பின் பெயரை விடுங்கள், வேலையின் பெயரைச் சொல்லுங்கள்

“குற்றம் சம்பந்தப்பட்ட துறை” என்ற ஒரே எண்ணத்தில் மூன்று வேறு படிப்புகள் கலந்துவிடுகின்றன. குற்றவியல் என்பது சமூக அறிவியல். குற்றம் ஏன் நடக்கிறது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் எப்படி இயங்குகின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது, தண்டனை முடிந்து வெளியே வருபவர் எப்படி வாழ்கிறார் என்பதெல்லாம் இதன் கேள்விகள். தடயவியல் என்பது ஆய்வக அறிவியல்: ரத்தம், நஞ்சு, கைரேகை, தோட்டா, மரபணு. சட்டம் மூன்றாவது. நீதிமன்றத்தில் நின்று வாதாட அது வேண்டும், குற்றவியல் பட்டம் போதாது.

தமிழ்நாட்டில் குற்றவியலுக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1965-லேயே இந்தப் பாடம் தொடங்கிவிட்டது. பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வில் இந்தியாவில் முன்னோடிகளாக இருந்தவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தனித் துறை இருக்கிறது. ஆக, படிப்பின் தரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. பார்க்க வேண்டியது அதற்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான்.

தடயவியல் பற்றி ஒரு வார்த்தை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. இதனால் ஆட்கள் தேவைப்படுவது உண்மை. ஆனால் அந்த இடங்கள் வேதியியல், உயிரியல், இயற்பியல், தடயவியல் படித்தவர்களுக்கானவை. 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் காலத்திலிருந்தே அது அறிவியல்காரர்களின் வேலை. இந்தச் சட்டத்தைக் காட்டி பி.ஏ. குற்றவியலுக்கு ஆள் சேர்க்கும் கல்லூரியிடம், “சரி, எந்தப் பதவிக்கு?” என்று கேளுங்கள்.

எனவே முதல் வேலை, ஒரு தாளில் மூன்று பதவிகளின் பெயரை எழுதுவது. “போலீஸ்” என்று எழுதினால் போதாது. சார்பு ஆய்வாளர், டிஎஸ்பி, நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், அரசு உதவி வழக்கறிஞர், வங்கியில் மோசடித் தடுப்புப் பிரிவு என்று பதவியைச் சொல்ல வேண்டும்.

படி 2: அறிவிப்பில் கல்வித் தகுதி என்ற கட்டத்தை மட்டும் படியுங்கள்

இதுதான் முழு வழிகாட்டியின் மையம். நீங்கள் எழுதிய பதவிகளுக்குக் கடைசியாக வந்த ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை இறக்கி, கல்வித் தகுதி பகுதியை மட்டும் பாருங்கள். அங்கே மூன்றில் ஒன்று இருக்கும்: ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று இருக்கும், குற்றவியல் என்று பெயர் சொல்லி இருக்கும், அல்லது வேறு பாடங்களின் பெயர் இருக்கும்.

சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கும் தாலுகா, ஆயுதப்படை சார்பு ஆய்வாளர்: ஏதேனும் ஒரு பட்டம், அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாயில் தொடக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியாக டிஎஸ்பி: ஏதேனும் ஒரு பட்டம், 56,100. யுபிஎஸ்சி வழியாக ஐபிஎஸ்: அதே தகுதி, அதே 56,100. எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) வழியாக சிபிஐ சார்பு ஆய்வாளர்: ஏதேனும் ஒரு பட்டம், 44,900. மத்திய உளவுத்துறையின் ஏசிஐஓ (உதவி உளவு அலுவலர்): அதே 44,900, அதே தகுதி. மத்திய ஆயுதப்படைகளிலும் டெல்லி போலீசிலும் சார்பு ஆய்வாளர்: ஏதேனும் ஒரு பட்டம், 35,400.

வரிசையாகப் பார்த்தால் விஷயம் புரியும். தமிழ் இலக்கியம் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் குற்றவியல் படித்தவரும் இங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில், காவல்துறையில் ஏற்கெனவே இல்லாமல் வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு வருவது பொது அறிவும் உளவியல், தர்க்கத் திறனும். குற்றவியல் கோட்பாடுகளுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலிலும் குற்றவியல் கிடையாது. சமூகவியல், உளவியல், சட்டம், பொது நிர்வாகம் எல்லாம் இருக்கின்றன.

இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றைக் கல்லூரிகள் சொல்வதில்லை.

ஒன்று, தமிழ்வழி இட ஒதுக்கீடு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத இடம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு. பட்டத் தகுதி கேட்கும் பதவி என்றால் முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குற்றவியல் பட்டம் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான் நடக்கிறது. பன்னிரண்டு வருடம் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த ஒரு பிள்ளை, ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்ந்த அன்றே இந்தச் சலுகையை இழந்துவிடுகிறது. எஸ்.ஐ. தான் கனவு என்றால், பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. வரலாறு படிப்பது அந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பலம். இதை அடித்தே சொல்வேன்.

இரண்டு, இணைத்தன்மை. குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் பதவிகளில் சமூகவியல், சமூகப்பணி என்று போட்டிருந்தால், “குற்றவியலும் அது மாதிரிதானே” என்று நாம் சொன்னால் எடுபடாது. இணையான பட்டம் என்று அரசாணை இருக்க வேண்டும், அதுவும் அறிவிப்பு வருவதற்கு முன்பே. “குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம்” போல நீளமான பெயருள்ள பட்டங்களில் இந்தச் சிக்கல் அதிகம். சேரும் முன்பே பட்டத்தின் முழுப் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 3: சீருடைதான் இலக்கு என்றால் உயரத்தை அளந்துவிடுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் காவல்துறைத் தேர்வுகளில் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. அதில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் பட்டம் காப்பாற்றாது. பதினெட்டு வயதில் உயரம் கிட்டத்தட்ட நின்றுவிட்டிருக்கும், எனவே இப்போதே தெரிந்துகொள்ளலாம். கண் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். மூன்று வருடம் படித்த பிறகு மைதானத்தில் தெரிந்துகொள்வது கொடுமை.

படி 4: செலவையும் வரவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கட்டணம் என்றால் கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல. விடுதி, சாப்பாடு, பயணம், சீருடை, தேர்வுக் கட்டணம், பிறகு எப்படியும் சேரப்போகும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் கட்டணம் எல்லாம் சேரும். கடைசி ஒன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பட்டம் எதுவானாலும் அந்தச் செலவு வரும்.

ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் ஆகிறது, அது முழுவதும் கல்விக் கடன், வட்டி 10.5 சதவீதம், திருப்பிக் கட்ட ஏழு வருடம் என்று வைத்துக்கொள்வோம். வட்டியை அவ்வப்போது கட்டிவந்திருந்தால் மாதத் தவணை சுமார் 8,430 ரூபாய். ஆனால் பெரும்பாலான வீடுகளில் படிக்கும் காலத்தில் வட்டி கட்டுவதில்லை. படிப்பு மூன்று வருடம், அதன்பின் ஒரு வருட அவகாசம். வருடா வருடம் பணம் எடுத்த கணக்கில் அந்த நான்கு வருடத்துக்கு வட்டி மட்டும் சுமார் 1 லட்சத்து 57 ஆயிரம் சேர்ந்து, கடன் 6.57 லட்சமாக நிற்கும். அப்போது தவணை 11,000 ரூபாயைத் தாண்டும்.

இனி வரவுப் பக்கம். இந்தத் துறையில் பட்டதாரிகள் நிறையப் பேர் முதலில் போய்ச் சேரும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். களப்பணியாளருக்கு 10,592. பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு 44,023. எல்லாம் ஒப்பந்தப் பணி. 18,536 வாங்குபவர் 11,000 தவணை கட்டினால் கையில் மிஞ்சுவது ஏழாயிரத்துச் சொச்சம். அதில் வாடகை கொடுத்து வாழ முடியாது. கடனில் சேர்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கல்விக் கடனில் பெற்றோரும் கடன்தாரர்கள் என்பதால் இந்தச் சுமை அவர்கள் தலையிலும் இறங்கும்.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. இந்தப் பட்டம் இல்லாமல் வேறு மலிவான பட்டம் படித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் கழிக்க வேண்டும். எஸ்.ஐ. ஆகி 36,900 அடிப்படைச் சம்பளம் வாங்கினாலும், அதே சம்பளம் அரசுக் கல்லூரி பி.ஏ.வுக்கும் கிடைத்திருக்கும் என்றால், குற்றவியல் பட்டத்தால் வந்த கூடுதல் வருமானம் பூஜ்யம். அப்படியானால் கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் வேறு காரணம் வேண்டும். பாடத்தில் உண்மையான ஆர்வம் ஒரு நியாயமான காரணம்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் குடும்பம் தெரிந்தே முடிவு செய்யட்டும்.

இன்னொரு பாதையையும் இந்தத் தாளில் எழுதுங்கள். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும், 18 வயதில் விண்ணப்பிக்கலாம், அடிப்படைச் சம்பளம் 18,200, அதன்மேல் அகவிலைப்படி. வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் ஒரு பட்டம் முடித்தால், சார்பு ஆய்வாளர் பணியிடங்களில் காவல்துறையினருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில் தேர்வு எழுதலாம். அந்தப் பிரிவுக்கு வரும் தாளில் சட்டங்களும் காவல் நடைமுறையும் உண்டு. அதாவது குற்றவியல், குற்றவியல் நீதி நிர்வாகம் போன்ற பாடங்கள் வேலைக்கு வெளியே இருப்பவரைவிட உள்ளே இருப்பவருக்குத்தான் நேரடியாக உதவுகின்றன. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாதையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள், பெண் என்றால் புதுமைப் பெண், ஆண் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்க வேண்டாம். பேருந்துச் செலவுக்காவது ஆகும்.

படி 5: பக்கத்தில் எந்தத் தகுதியைச் சேர்ப்பது

பட்டம் பலன் தரும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சட்டம் சேர்த்தால்: இளங்கலை முடித்தபின் மூன்றாண்டு எல்.எல்.பி. என் பார்வையில் இதுதான் குற்றவியலுக்கு மிகச் சரியான ஜோடி. நீதிமன்ற நடைமுறை, விசாரணை, தண்டனை பற்றி ஏற்கெனவே படித்தவர் குற்ற வழக்குகளில் சீக்கிரம் கால் ஊன்றுவார். வாத்சல்யா திட்டத்தில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பதவி சட்டம் படித்தவர்களுக்கானது, ஊதியம் 27,804. குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு வழக்காடிய அனுபவம் இருந்தால் டிஎன்பிஎஸ்சி நடத்தும் அரசு உதவி வழக்கறிஞர் தேர்வு எழுதலாம், தொடக்கம் 56,100. ஆனால் வழக்கறிஞராக முதல் சில வருடம் வருமானம் மிகக் குறைவு. அந்தக் காலத்தை வீடு தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமூகப்பணி அல்லது உளவியல் சேர்த்தால்: குழந்தைகள் நலன், பெண்கள் பாதுகாப்பு, சிறை, போதை மறுவாழ்வு ஆகிய இடங்களின் அறிவிப்புகளில் இந்தப் பாடங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தையே பாருங்கள். சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினருக்கு அது சொல்லும் பாடங்கள் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம். குற்றவியல் அந்த வரியில் இல்லை. பி.ஏ. குற்றவியல் முடித்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) போனவருக்கு இரண்டு கதவும் திறக்கும். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகச் சென்னையில் 2001 முதல் இயங்கும் பிசிவிசி போன்ற அமைப்புகளின் வேலை எவ்வளவு முக்கியமானது என்பது அங்கே ஒரு மாதம் பயிற்சிக்குப் போனாலே தெரியும். சம்பளத்துக்காகப் போகும் வேலை அல்ல அது. ஆனால் நாட்டுக்குத் தேவையான வேலை.

கணினி அல்லது நிதி சேர்த்தால்: வங்கிகளின் மோசடித் தடுப்பு, பணமோசடிக் கண்காணிப்பு, காப்பீட்டு விசாரணை, பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் இந்த வேலைகள் இருக்கின்றன. ஆனால் நுழைவு வரிசையில் பி.காம். படித்தவர்களோடுதான் போட்டி. எக்செல், எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி), கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகள், நல்ல ஆங்கில அறிக்கை எழுத்து ஆகியவை கைவந்திருந்தால் குற்றவியல் பின்னணி நேர்காணலில் பேசுபொருளாகும். சிஎஃப்இ என்ற மோசடி ஆய்வாளர் சான்றிதழுக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும், ஆகவே படிக்கும்போதே அதற்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.

ஆராய்ச்சி, ஆசிரியப் பணி: உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாக உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000. உதவிப் பேராசிரியர் பணியின் தொடக்கச் சம்பளம் 57,700. குற்றவியல் என்ற பெயரையே நேரடியாகக் கேட்கும் பாதை இது. போட்டியாளர்கள் குறைவு, பணியிடங்களும் குறைவு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், காந்திநகர் தேசியத் தடயவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலை படிப்பது இதற்கு உதவும்.

குரூப் 2 தேர்வில் வரும் நன்னடத்தை அலுவலர் பதவியையும் பார்த்து வையுங்கள். 1958 நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், சிறைக்கு அனுப்பாமல் திருத்தலாமா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் பணி. குற்றவியல் வகுப்பில் படித்தது அன்றாடம் பயன்படும் நிரந்தர அரசு வேலை இது.

படி 6: கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

யுஜிசி அங்கீகாரம், தொலைநிலை என்றால் அந்த ஆண்டுக்கு அந்தப் பாடத்துக்கே அனுமதி, இவை அடிப்படை. அதன்பின் கேட்க வேண்டியது கடைசி மூன்று ஆண்டு மாணவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்பது. “போலீசில் நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்பது பதில் ஆகாது. முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரிடம் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். சிறை, நீதிமன்றம், இளைஞர் நீதிக் குழுமம், காவல் நிலையம் ஆகியவற்றில் களப்பயிற்சி உண்டா, எத்தனை வாரம் என்றும் கேளுங்கள். ஒருநாள் சுற்றிப் பார்த்து போட்டோ எடுப்பது களப்பயிற்சி அல்ல. முழுநேர ஆசிரியர்களில் குற்றவியலில் முதுகலையோ முனைவர் பட்டமோ பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் விடாதீர்கள்.

வெளிநாட்டில் படிப்பது பற்றி

இதில் நான் கறாராக இருக்கிறேன். அமெரிக்காவில் குற்றவியல் நீதிப் பட்டம் நன்கு அறிமுகமான ஒன்று. ஆனால் அதைப் படித்தவர்கள் போகும் மத்திய அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை என்றால் படித்தபின் வேலை பார்க்கக் கிடைப்பது 12 மாதம்தான், கூடுதல் 24 மாதம் கிடைக்காது. பிரிட்டனில் காமன்வெல்த் நாட்டவர் காவலராகலாம், ஆனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருக்க வேண்டும், மாணவர் விசாவில் போனவருக்கு அது இல்லை. ஆக, முப்பது, நாற்பது லட்சம் கடன் வாங்கிப் போனால் அந்த நாட்டில் இந்தத் துறை வேலை கிடைக்காது, திரும்பி வந்தாலும் இங்கே அதற்குத் தனி மதிப்பில்லை. முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். கணினித் தடயவியல் வேறு கணக்கு, அது தொழில்நுட்பப் படிப்பு.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

பயப்பட வேண்டாம், பட்டத்தை விட்டுவிட்டு வரவும் வேண்டாம். முதலாண்டில் இருந்தால் கல்லூரி மாற வழி இருக்கிறதா, கட்டணம் குறையுமா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு என்றால் இந்த விடுமுறையிலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ பயிற்சிக்கு மனு கொடுங்கள். கடிதத்தைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை நடக்கும். கடன் எடுத்திருந்தால் மாதம் ஆயிரமாவது வட்டிக்குக் கட்டத் தொடங்குங்கள். இறுதியாண்டு மாணவர்கள் எல்.எல்.பி., எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பத் தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள். எஸ்.ஐ. தேர்வுக்கான ஓட்டமும் பொது அறிவும் அதோடு சேர்ந்தே போகலாம். அப்புறம், பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதிலுள்ள பாடப் பெயர் விண்ணப்பங்களில் எழுதும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் திருத்தம் கேட்டு அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.